காலி வட்டத்தில் ஒரு பெயர்

எங்கள் ஆஸ்பத்திரியில் சண்டை சச்சரவு இல்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது குழந்தைகளின் வயிற்றுப்போக்கு வார்டுதான். 'தடம்' வருவதற்கு முந்தைய காலத்தைச் சொல்கிறேன். பக்கத்துக் கட்டில் பிள்ளை வாந்தி எடுத்தால் இந்தக் கட்டில்காரி எழுந்துபோய்த் துடைத்துவிடுவாள். உப்பளத்தில் அரை நாள் வேலைக்கு ஓட வேண்டியவள், "பாத்துக்கிடுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பிள்ளையை அடுத்தவள் மடியில் போட்டுவிட்டுப் போவாள். யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பெட்டி வந்தது, அத்தனையும் நாசமாய்ப் போனது.

என் பெயர் ஜெசிந்தா. இருபத்திரண்டு வருஷமாக அங்கே லேப் டெக்னீஷியன். மரியாதைக்கு அப்படிச் சொல்லிக்கொள்கிறேன். ஊரார் பிள்ளைகளின் மலத்தை டப்பா டப்பாவாக வாங்கி, உள்ளே என்ன வைரஸ் குடியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் "கை கழுவினியா?" என்று கேட்காமல் என் கையால் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. "ஊருக்கே கை கழுவச் சொல்லிக்குடுக்கிறவ நான், எனக்கே பாடமா?" என்று எரிந்து விழுவேன். வாய்க்கொழுப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

தடம் என்பது குக்கர் அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. ஒரு சொட்டு வைத்தால் போதும், ரோட்டாவா, நோரோவா, அடினோவா என்று இருபது நிமிஷத்தில் சொல்லிவிடும். அதோடு நிறுத்தியிருந்தால் அதற்கு மாலை போட்டுக் கும்பிட்டிருப்பேன். அது கூடுதலாக ஒன்று சொன்னது. அந்த வைரஸ் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்றும் சொன்னது.

பெட்டி வந்திறங்கிய அன்று டாக்டர் அஃப்ரீன் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கினார். முப்பது வயசுக்காரி, சுறுசுறுப்பு, தலைக்கனம் கிடையாது. வார்டு ஆயா பேச்சியம்மாள்தான் முதல் கேள்வி கேட்டாள்.

"அது எப்பிடி டாக்டரம்மா கண்டுபிடிக்கும்? வைரஸு என்ன ஆதார் கார்டா வச்சிருக்கு?"

"வைரஸ் நம்ம ஒடம்புக்குள்ள தன்னைத்தானே காப்பி எடுத்துக்கிட்டே இருக்கும் பேச்சிக்கா. அவசரத்துல எடுக்கிறதால நடுவுல தப்பு விழும். ஒரு பிள்ளைகிட்ட இருந்து இன்னொரு பிள்ளைக்குப் போறப்போ பழைய தப்பும் கூடவே போகும், புதுசா ஒண்ணு ரெண்டும் சேரும். யார்கிட்ட தப்பு கம்மியோ அவங்க முன்னாடி. யார்கிட்ட ஜாஸ்தியோ அவங்க பின்னாடி."

"பரீட்சையில பாத்து எழுதுத மாதிரின்னு சொல்லுங்க. மொத பெஞ்சுல ஒரு தப்புன்னா கடைசி பெஞ்சுக்கு வந்து சேரையில பத்துத் தப்பு."

"அதேதான்!"

"யாரப் பாத்து யாரு எழுதுனான்னு பிடிச்சுக்குடுக்கும். அப்பம் இது வாத்தியார் மிஷினுல்லா," என்றாள் பேச்சி. எல்லோரும் சிரித்தோம்.

டாக்டர் அஃப்ரீனின் எண்ணம் நல்லதுதான். எந்தக் கட்டிலிலிருந்து எந்தக் கட்டிலுக்குப் பரவுகிறது என்று தெரிந்தால் பிள்ளைகளைப் பிரித்துப் போடலாம் இல்லையா? ஆனால் மூன்றாம் மாதம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பெற்றோருக்குத் தெரியும் உரிமை உண்டாம். வார்டு வாசலில் ஒரு பெரிய டிவியை மாட்டி, தடம் சொல்வதை மனிதக் கை படாமல் அப்படியே அதில் காட்ட வேண்டுமாம். கட்டில் நம்பர்களைச் சுற்றி வட்டம், வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே அம்புக்குறி. கையெழுத்துப் போடத் தடுமாறுகிற பொம்பளைகூட அம்புக்குறி பார்க்க ஒரே நாளில் கற்றுக்கொண்டாள்.

அடுத்த வாரமே பதினொன்றிலிருந்து பதினாலுக்கு ஓர் அம்பு விழுந்தது. பதினாலாம் கட்டில்காரி நேரே போய்ப் பதினொன்றாம் கட்டில்காரியின் கொண்டையைப் பிடித்துவிட்டாள். முந்தின நாள் வரை இரண்டு பேரும் ஒரே தட்டில் இட்லி பிட்டுத் தின்றவர்கள். பதினொன்றாம் கட்டில்காரி அவமானம் தாங்காமல், டிரிப் பாதியில் இருக்கும்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. வார்டை விட்டுப் போன பிள்ளையைத் தடம் தேடுவதில்லை.

அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் பிள்ளையைக் கொடுக்கவில்லை. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே சேலையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார்கள். வேலைக்குப் போக வேண்டியவள் போகவில்லை. ஒருத்தி கக்கூஸுக்குப் போவதற்குக்கூடப் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். எனக்கு டிவியைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது.

அந்தக் கலவரத்திலும் ஒரே ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. புதிதாக வந்து சேருகிற பிள்ளைக்கு முதல் கரண்டி பேச்சி கையால்தான் கொடுக்க வேண்டும்.

பேச்சிக்கும் எனக்கும் ஒரே வயசு, நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினோரு வருஷமாக ஒப்பந்தத்தில் ஆயா வேலை. பணி நிரந்தர ஆர்டர் அடுத்த மாதம் வரவிருந்தது. அவளுக்குக் கைராசி என்று ஊரெல்லாம் பேச்சு. பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள்கூட "பேச்சியம்மா ட்யூட்டியில இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டு வாங்குவார்கள். கைராசியாவது ஒன்றாவது! அவள் செய்வது வேறு. வாந்தி எடுக்கிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி ஊற்றுவாள். கக்கிவிட்டால் பத்து நிமிஷம் பொறுப்பாள். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். மூன்று மணி நேரம், நாலு மணி நேரம், கால் மரத்துப்போகும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். ஊசி குத்த நரம்பு கிடைக்காத பிள்ளைகளைக் கரண்டியாலேயே கரையேற்றியிருக்கிறாள்.

அந்தக் கரண்டியில் இருப்பது என் கஞ்சி. பாக்கெட்டில் வருகிற உப்புச்சர்க்கரைத் தண்ணீரை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் துப்பிவிடும். ஆகவே தினமும் காலையில் வீட்டிலிருந்து அஞ்சு லிட்டர் அரிசிக் கஞ்சி வடித்து, உப்புப் போட்டு, பிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுவருவேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை. மலத்தைப் பார்த்தே காலம் போகிறதே, ஒரு பிள்ளைக்காவது வாயில் ஏதாவது ஊற்றினோம் என்ற திருப்தி வேண்டாமா? லேப்காரி வார்டுக்குள் நுழையக் கூடாது என்பது விதி. வாசலில் நின்று பிளாஸ்க்கைப் பேச்சி கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அது தொடங்கியது. ரோட்டாவென்றும் அடினோவென்றும் வந்து படுத்து, தேறி, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றிருந்த பிள்ளைகளுக்குத் திரும்பவும் வாந்தியும் பேதியும். இரண்டு வாரத்தில் ஒன்பது பிள்ளைகள். ஒன்பதும் நோரோ.

"தடுப்பு மருந்து வந்தப்புறம் ரோட்டா கொறஞ்சிருச்சு, அந்த எடத்துல இது வந்து ஒக்காந்துக்கிச்சு," என்றார் டாக்டர் அஃப்ரீன். "பதினெட்டு வைரஸ் உள்ள போனாப் போதும் ஜெசிந்தாக்கா, ஒரு ஆளச் சாச்சிரும். ஒரு பிள்ளைக்கு வந்திருந்தா வெளியில இருந்து வந்ததுன்னு சொல்லலாம். ஒம்பதுன்னா வார்டுக்குள்ளதான் யாரோ."

டிவியில் ஒன்பது வட்டம். ஒன்பதுக்கும் அம்பு ஒரே இடத்திலிருந்து புறப்பட்டது. அந்த இடத்தில் நம்பர் இல்லை, பெயர் இல்லை, காலி வட்டம். இன்னும் சோதிக்கப்படாத ஒரு ஆள் என்று அர்த்தம்.

ஒன்பதில் எட்டு தாக்குப்பிடித்தன. ஏழாம் கட்டில் பிள்ளை மட்டும் சுருண்டுவிட்டது. பதினொரு மாசப் பெண் குழந்தை, நிலாயினி. அவளுடைய அம்மா தர்ஷனா உப்பளத்தில் உப்பு வாருகிறவள். முதலில் மாமியார் பேச்சைக் கேட்டுக் குடலேத்தம், குடல் மேலே ஏறிவிட்டது என்று நாட்டு வைத்தியக்காரியிடம் குடல் தட்டக் கொண்டுபோய், இரண்டு நாளை வீணாக்கிவிட்டுத்தான் வந்தாள். வந்த பிறகு தேறியது. அதற்குப் பிறகுதான் இது. சிறுநீர் நின்றுபோய்ப் பிள்ளையை ஐ.சி.யு.வுக்குத் தூக்கினார்கள். தர்ஷனா வார்டு வாசலில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சோறு தண்ணீர் இல்லை. காலி வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருன்னு மட்டும் தெரியட்டும்," என்பாள், போகிற வருகிறவர்களிடம் எல்லாம். வேறு பேச்சே கிடையாது.

வார்டுக்குள் நுழைகிற ஊழியர்கள் இருபத்திமூன்று பேரும் சாம்பிள் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. யாரிடமிருந்து தொடங்கியது என்று தெரிந்தால் அந்த ஆளுக்கு வேலை கிடையாது. பெயர் பட்டியலில் ஏறும். இனி எந்த ஊரிலும் குழந்தைகள் வார்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. இரண்டு நாளில் இருபத்திரண்டு டப்பா வந்துவிட்டது. இருபத்திரண்டும் சுத்தம். பாக்கி பேச்சி.

மூன்றாம் நாள் மத்தியானம் லேப்புக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

"ஒன் டப்பா எங்கட்டி?" என்று கேட்டேன்.

"குடுப்பேன்லா."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

"நெனச்ச நேரத்துல வந்துருமா? வராட்டா நான் என்ன செய்ய? ஒனக்கென்ன, வாயி இருக்குன்னு கேட்டுட்ட." சிரித்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டாள்: "ஏட்டி ஜெசி, ஒருவேள நான்னு வந்துட்டுன்னா?"

"ஏன் அப்பிடிச் சொல்லுத?"

"அந்த ஒம்போதுக்கும் மொத கரண்டி குடுத்தது நாந்தான? வேற யாரு எல்லாத்தையும் தொட்டிருக்கா? வாசல்லகூட நிக்க விடமாட்டாங்களோ?"

"மாட்டாங்க."

"அப்பம் நான் எங்க போவேன்?"

டப்பாவைத் தள்ளிப் போடுகிறாள், பயப்படுகிறாள், வாயாலேயே சொல்லுகிறாள். இவள்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். வேண்டுமென்றா செய்தாள்? உடம்பில் இருப்பது அவளுக்கே தெரிந்திருக்காது. ஆனால் தடத்துக்கு அதெல்லாம் தெரியுமா? அது நோய் போன வழியைத்தான் காட்டும். நாலு மணி நேரம் மடியில் போட்டுப் பிழைக்கவைத்த வழிக்கு அதில் அம்புக்குறி இல்லை. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன்.

மறுநாள் காலையில் டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

"இந்தா. என் தலையெழுத்து இதுக்குள்ள இருக்கு," என்றாள். "சீக்கிரம் பாத்துருட்டி. அந்தத் தர்ஷனா மூஞ்சியப் பாக்க முடியல."

அவள் போனதும் கதவைச் சாத்தினேன். பேச்சியின் டப்பாவை ஃப்ரிட்ஜில் பின்வரிசையில் வைத்தேன். இன்னொரு டப்பாவில் அவள் பெயரை ஒட்டினேன். அதில் என்னுடையதை வைத்தேன்.

வேறு யாருடையதையாவது வைக்கலாமே என்று கேட்பீர்கள். தடம் லேசுப்பட்டதில்லை. ஆள் மாறாட்டம் செய்துவிடக் கூடாது என்று ஆணா பெண்ணா, ஏறக்குறைய என்ன வயசு என்பதையும் சேர்த்துப் பார்க்கும். அவள் வயசுப் பொம்பளை வேண்டும், நான் இருந்தேன். அதோடு, என்னுடையதைவிடச் சுத்தமான சாம்பிள் அந்த ஆஸ்பத்திரியில் வேறு எங்கே கிடைக்கும்? நான்தான் வார்டுக்குள் காலே வைப்பதில்லையே! மணிக்கு ஒருதரம் சானிடைசர் போடுகிறவள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு டப்பாவில்கூடக் கலப்படம் செய்ததில்லை. செய்தபோது மனசு உறுத்தவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் இருந்தது. தலையைக்கூட நிமிர்த்திக்கொண்டேன் என்று சொன்னால் நம்புங்கள்.

இருபது நிமிஷம் லேப்பில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். பெட்டி ஒருதரம் கீச்சிட்டது.

நோரோ இருக்கிறது என்றது. ஒன்பது பிள்ளைகளிடமும் இருக்கிற அதே நோரோ. ஒன்பதையும்விடத் தப்பு குறைவு. எல்லோருக்கும் முன்னால்.

சனியன் பிடித்த மிஷின், கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஏசினேன். மறுபடி ஒரு சொட்டு வைத்தேன். மறுபடி இருபது நிமிஷம். அதே பதில். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து அறைந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் எனக்கு வயிறு சரியில்லாமல் போனது. இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மறுநாளே ட்யூட்டிக்கு வந்துவிட்டேன். கஞ்சியும் கொண்டுவந்தேன். கஞ்சி ஆறின பிறகு உப்பைப் போட்டுக் கையை விட்டுத்தான் கலக்குவேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கரண்டியால் கலக்கினால் உப்பு சீராகச் சேராது, கை பட்டால்தான் ருசி என்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவினேனா? லேப்காரி இல்லையா நான், பாட்டிலை அமுக்கி சானிடைசர் தடவிக்கொண்டேன். சானிடைசருக்கு நோரோ சாகாது. அது எனக்குத் தெரியும். வார்டு வாசல் சுவரில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியதே நான்தான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது என்று சொல்வார்களே, இது அதைவிட மோசம். குரங்கையும் பிடித்து, அதற்குப் பேச்சியின் பெயரையும் வைத்திருக்கிறேன். முதல்தரம் பெட்டி கீச்சிட்டபோதே டிவியில் காலி வட்டம் நிரம்பியிருக்கும்.

வார்டுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஓடிப்போய்ச் சொல்லிவிடவில்லை. வேலை போகும், பெயர் நாறும், என் மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, அவள் மாமியார் வீட்டில் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். தண்ணீரைத் திறந்து சோப்பை எடுத்துக் கை கழுவினேன். இப்போது கழுவி என்ன புண்ணியம்? மறுபடி கழுவினேன். பிறகுதான் போனேன்.

வாசலில் தாய்மார்கள் கூட்டமாக நின்றார்கள். டிவியில் 'பேச்சியம்மாள், வார்டு உதவியாளர்' என்று எழுத்து, ஒன்பது அம்பும் அதிலிருந்து புறப்பட்டுப் போயின. கைராசி கைராசி என்று காலை வரைக்கும் சொன்ன வாய்கள்.

"நோயக் கையில வச்சிக்கிட்டா ஊட்டுன?"

"நாலு மணி நேரம் மடியில போட்டிருந்தாளே, அப்பவே நெனச்சேன்!"

"தொடாத! எம்பிள்ளையத் தொடாத நீ!"

டாக்டர் அஃப்ரீன் குறுக்கே நின்று, "அவங்க தெரிஞ்சு செய்யல, கொஞ்சம் பொறுங்க" என்று கத்திப் பார்த்தார். யார் கேட்டார்கள்? தர்ஷனா மட்டும் கத்தவில்லை. பேச்சிக்கு நேரே வந்து நின்றாள்.

"எம்பிள்ள ஒங்க கையில மட்டுந்தான் குடிச்சா," என்றாள்.

பேச்சி டிவியை ஒருதரம் பார்த்தாள், தன் கைகளைப் பார்த்தாள்.

"மிஷினு பொய் சொல்லாதும்மா," என்றாள். "நாந்தான் போல. தெரியாமப் போச்சு." அப்படியே தரையில் உட்கார்ந்து, தன்னைவிட இருபது வயசு சின்னவளான அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவ இல்ல," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்தினேன். "அவ இல்ல! அந்த டப்பாவுல இருந்தது என்னோடது. நான் மாத்தி வச்சேன். எல்லாம் என் கஞ்சியில இருந்து போனது."

டாக்டர் அஃப்ரீன் என் பக்கம் திரும்பினார். "பேச்சிக்காவோட சாம்பிள் எங்க?"

"ஃப்ரிட்ஜுல. பின்வரிசையில."

அவரே போய் எடுத்துப் பெட்டியில் வைத்தார். என்னைக் கிட்டே விடவில்லை. இருபது நிமிஷம் அந்த வாசலில் ஒருவர்கூட நகரவில்லை. நடுவில் ஒரு பிள்ளை அழுதது, யாரோ முலை கொடுத்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். பேச்சி தரையிலேயே இருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். "ஒண்ணுமில்ல. நோரோ மட்டுமில்ல, எந்த வைரஸும் இல்ல. சில பேருக்குப் பொறப்புலயே குடல் அப்பிடி அமைஞ்சிருக்கும், நோரோ பிடிச்சு ஏற எடம் கெடைக்காது. கூடவே, ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னாடியும் பின்னாடியும் சோப்புப் போட்டுக் கழுவுறது இந்த ஆஸ்பத்திரியிலேயே இவங்க ஒருத்தங்கதான். கேமராவுல பாத்திருக்கேன்."

பெட்டியில் முதல் சாம்பிளின் பெயரை டாக்டர் திருத்தியிருந்தார்; டிவியில் பெயர் மாறியது. இருபத்திரண்டு வருஷத்தில் என் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் நான் பார்த்ததில்லை.

அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் தேவலை. தர்ஷனா என் முன்னால் வந்து நின்று, "நீங்க சோப்புப் போட மாட்டியளாக்கா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

டாக்டர் அஃப்ரீன் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "ரெண்டு தப்பு எழுதணும் ஜெசிந்தாக்கா. ஒண்ணு உங்களுக்குத் தெரியாம நடந்தது. அதுக்கு என்னால ஏதாவது சொல்லிப் பாக்க முடியும். இன்னொண்ணு தெரிஞ்சே செஞ்சது. அதுக்கு முடியாது."

"எழுதுங்கம்மா," என்றேன்.

நாலாம் நாள் நிலாயினி கண்ணைத் திறந்து பால் குடித்தாள் என்று சொன்னார்கள். ஒன்பதும் பிழைத்துக்கொண்டன. அந்தச் செய்தி வந்த அன்றுதான் சஸ்பென்ஷன் ஆர்டரை வாங்கிக்கொண்டு, லேப்பிலிருந்த என் சாமான்களை எடுக்கப் போனேன். பேச்சி வந்து கதவோரம் நின்றாள். அத்தனை நாளும் அவள் பேசவில்லை. நானாகப் போய்ப் பேசவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

"நிரந்தர ஆர்டர் வந்துட்டா?" என்று கேட்டேன்.

"வந்துட்டு."

"சந்தோசம்."

பிறகு கேட்டாள்: "எதுக்கு ஜெசி மாத்துன?"

"ஒன்னக் காப்பாத்தத்தான். வேற எதுக்கு?"

"என்னக் காப்பாத்தணும்னா என் டப்பாவையே வச்சிருக்கலாம்லா."

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் சொல்லாண்டாம்," என்றாள். "தாய்மாரெல்லாம் ஏசுனாளுவ. எனக்கு அதுல வருத்தமில்ல. பெத்தவளுவ, டிவியில போட்டதப் பாத்துட்டு ஏசுனாளுவ. நீ மிஷினு சொல்லுததுக்கு மொதநாளே நாந்தான்னு முடிவு பண்ணிட்டியே."